ஆறுதலா வாங்கோ

அன்று காலை மழை தூறியதா, வெறும் பனிதானா என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. கமலாட்சியைக் கேட்டால் சேலைத் தலைப்பு நனைந்தது என்கிறாள். மகள் விதுஷாவைக் கேட்டால் பஸ் கண்ணாடியில் ஒரு துளிகூட இல்லை என்கிறாள். இரண்டு பேரும் பொய் பேசுகிறவர்கள் இல்லை. சில இடங்களில் யார் முதலில் வாய் திறந்தது என்பதையே நான் மாற்றி வைத்திருக்கவும் கூடும். ஒரு சொல் மட்டும் மாறவில்லை. அதில் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை.

மாத்தளை கொங்காவெலையில் அந்தச் சின்ன வீட்டில் நடந்தது, தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். மகன் கஜேந்திரன் உக்குவளை முஸ்லிம் பெண் ஆஸியாவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று, தகப்பன் இராமையா அவனுடைய உடுப்புகளைக் கொண்டுபோய் வாசலில் வைத்தார். எறியவில்லை. மடித்து வைத்தார். எறிந்திருந்தால் அது கோபம், ஒரு நாளில் ஆறும். மடித்து வைத்ததைத்தான் அவன் மறக்கமாட்டான் என்று கமலாட்சி நினைக்கிறாள். போனவன் போனவன்தான். தொலைபேசி இலக்கத்தையும் மாற்றிவிட்டான்.

இருட்டோடு எழும்பி இடியப்பம் அவிக்கிறவள் கமலாட்சி. கடைத்தெருச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அவளுடைய இடியப்பம்தான் போகிறது. உரலைப் பிழியும்போது கைக்கு வேலை உண்டு, காதுக்கு இல்லை. அந்தக் காதை ஐந்து மணிக்கு ரேடியோ அறிவிப்பாளர் இராஜசிங்கம் எடுத்துக்கொள்வார்.

'முதல் தேத்தண்ணி' என்பது நிகழ்ச்சியின் பெயர். கொழும்பிலிருந்து வரும். பாட்டும் உண்டு, ஆனால் கமலாட்சி பாட்டுக்காகக் கேட்கிறவள் இல்லை. பாட்டு வந்தால் எழுந்து அடுப்பைப் பார்ப்பாள். அவளுக்கு வேண்டியது, நடுவில் அவர் பேசுகிற பேச்சு.

பெரிய விசயம் எதுவும் அவர் பேசமாட்டார். குளியலறைக் குழாய் ராத்திரி முழுக்கச் சொட்டியது என்பார். தெருவில் ரொட்டி விற்கும் பாண்காரனின் முச்சக்கரவண்டி இன்றைக்குச் சுருதி தப்பிப் பாடிக்கொண்டு போனது என்பார். மனைவி சந்திரவதனா தன் பழைய செருப்பை எங்கோ எறிந்துவிட்டு, எறியவே இல்லை என்று சாதிப்பதாக முறையிடுவார். வீட்டுக்கு வந்துபோகும் பூனைக்கு 'மினிஸ்டர்' என்று பெயர். நினைத்த நேரம் வருமாம், சாப்பிடுமாம், ஒரு வேலையும் செய்யாமல் போய்விடுமாம்.

கமலாட்சி இருந்த இடத்திலிருந்து பதில் சொல்வாள். "வாசர் தேஞ்சிருக்கும், மாத்திப் பாருங்க" என்பாள். குழாய் திருத்தியாயிற்று என்று அவர் சொன்ன நாளில், ஏதோ தன் வீட்டில் சொட்டியது நின்றதுபோல அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

"ஒன் அண்ணன் வீட்டு பைப்பு நின்னுருச்சாமா?" என்று இராமையா அப்போதெல்லாம் கேலி செய்வார். "நம்ம கூரை ஒழுகுதே, அதையும் அவர்கிட்டயே சொல்லு. ரேடியோவுல வாசிச்சாருன்னா ஓட்ட அடைஞ்சிரும்."

"அவரா இருந்தா ஏறிப் பாப்பாரு. ஒங்கள மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கமாட்டாரு."

"ஏறட்டுமே. விழுந்தா ரேடியோவுல செய்தி வரும்."

கஜேந்திரன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சிரிப்பான். அவனும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவான்.

அவன் போன பிறகு கேலி நின்றது. இராமையா மிளகு, கராம்பு வாங்கி விற்கும் கடையில் தராசில் நிற்கிறவர். மேலெல்லாம் கராம்பு வாசத்தோடு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். விதுஷா மருந்து விற்கும் பாமசியில் வேலை செய்கிறாள்; வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனைப் பார்ப்பாள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் கரண்டி விழுந்தால் மூன்று பேரும் திடுக்கிட்டார்கள்.

அந்த வீட்டில் கமலாட்சியோடு பேசியது ரேடியோ ஒன்றுதான். எட்டு மணிக்கு நிகழ்ச்சி முடியும்போது இராஜசிங்கம் நாள் தவறாமல் ஒன்று சொல்லுவார். "சரி, எல்லாரும் ஆறுதலா இருங்கோ. நாளைக்குச் சந்திப்பம்." அந்த வார்த்தை வருகிற நேரம் அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ரேடியோவுக்குக் கிட்டே வந்து நிற்பாள். உலகத்தில் ஒரு மனிதராவது தனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார் என்று தோன்றும்.

ஒரு நாள் அவளுக்கு ரேடியோவுக்கு லைன் கிடைத்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது இராஜசிங்கமே எடுத்தார். மகன் போய்விட்டதையும், அவன் பெயரை ஒரே ஒரு தடவை ரேடியோவில் சொன்னால் போதும், எங்கிருந்தாலும் கேட்டுவிட்டு வருவான் என்பதையும் அவள் மூச்சு விடாமல் சொன்னாள். "அம்மா, பாட்டு முடியப்போகுது. நீங்கள் ஆறுதலா வாங்கோ, கதைப்பம்" என்று அவர் சொல்லி வைத்தார். பாட்டு முடிந்த கையோடு, வருகிற சனிக்கிழமை தம்புள்ளைச் சந்தையிலிருந்து நேரடியாக நிகழ்ச்சி நடக்கப்போவதாக அறிவித்தார். அவள் இரண்டையும் சேர்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிய, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் தாயும் மகளும் ஏறினார்கள்.

கிளம்பும்போது இராமையா விழித்துத்தான் இருந்தார்.

"எங்க?"

"தம்புள்ளைக்கு."

"மரக்கறி வாங்கவா?"

"ஆமா."

"மாத்தளையில மரக்கறி தீந்து போச்சாக்கும்."

கமலாட்சி செருப்பை மாட்டிக்கொண்டாள். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் விதுஷாவின் போனில் நிகழ்ச்சியைக் கேட்டார்கள், ஆளுக்கொரு காதில் வயரை மாட்டிக்கொண்டு. தம்புள்ளைப் பூசணிக்காய் தன்னைவிடப் பருமனாக இருக்கிறது என்று இராஜசிங்கம் சொன்னார். கமலாட்சி சிரித்தாள். விதுஷா சிரிக்கவில்லை.

"அம்மா."

"ம்?"

"அவரு ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பாரு. நெனப்பு இருக்குமோ என்னமோ."

"மூணு மணித்தியாலம் பேசுற மனுசன். என்கிட்ட மட்டும் பேச்சுக்குச் சொல்வாரா?"

"எல்லாருகிட்டயும் பேச்சுக்குத்தானே சொல்றாரு."

"ஒங்கப்பா மாதிரியே பேசு."

கமலாட்சி மடியில் இருந்த பொதியைச் சரிசெய்தாள். உள்ளே மிளகும் சாதிக்காயும். அவருக்குச் சீனி வருத்தம்; இனிப்பு ஆகாது. அதையும் அவர்தான் ரேடியோவில் சொல்லியிருந்தார்.

தம்புள்ளைச் சந்தைக்குள் லொறிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. கோவா மரக்கறி மூட்டையைத் தலையில் வைத்தவர்கள் "அயின் வென்ன! அயின் வென்ன!" என்று சிங்களத்தில் விலகச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். லீக்ஸ் கட்டுகளுக்கு அந்தப் பக்கம் ஒரு கூடாரம், ஒரு வேன், ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மெலிந்த சின்ன மனிதர் ஒருவர், தலையில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குரலுக்கு ஒரு பெரிய உடம்பைக் கமலாட்சி கொடுத்து வைத்திருந்தாள். இவ்வளவு சின்ன ஆளாக இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அவர் தொண்டையைச் செருமியபோது கண்டுகொண்டாள்.

பாட்டு ஓடும் நேரம் பார்த்துக் கிட்டே போனாள்.

"அண்ணே, நான் மாத்தளை கமலாட்சி."

"வாங்கோ அம்மா, வாங்கோ. சந்தோசம்." முன்னால் வந்துபோன நாலைந்து பேருக்கும் அதையே சொல்லியிருந்தார்.

என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் சொந்தக்காரரிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "மினிஸ்டர் எப்படி இருக்கு?"

"எந்த மினிஸ்டர்?" அவர் சுற்றிலும் பார்த்தார், யாரோ அரசியல்வாதி வந்துவிட்டது போல. பிறகுதான் விளங்கியது. "ஓ, பூனையோ! அது செத்துக் கனகாலம் அம்மா. இப்ப ரேடியோவில மட்டும்தான் வந்து போகுது."

போன செவ்வாய்க்கிழமைகூட அது பால் குடித்ததே என்று அவள் சொல்லவில்லை.

"நீங்க வரச் சொன்னீங்க அண்ணே."

"நானோ?"

"போன்ல பேசினேனே, மகன் விசயமா. ஆறுதலா வாங்கோ, கதைப்பம்னு சொன்னீங்க. ஆறுதல் சொல்றேன்னு கூப்பிட்ட மனுசர காக்க வைக்கக் கூடாதுன்னு விடிய பஸ்ஸுக்கே ஏறிட்டோம்."

பக்கத்தில் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த லோஜனா என்கிற இளம்பெண் சிரித்துவிட்டாள். நிகழ்ச்சியை நடத்துகிற பொறுப்பு அவளுடையது. "ஐயோ அன்ரி, அண்ணை சொன்னது—"

இராஜசிங்கம் அவளைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பேசியே பிழைக்கிற மனிதர் பேசாமல் இருப்பதைப் பார்க்கக் கமலாட்சிக்கு என்னவோ போல இருந்தது. ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று பயந்தாள்.

"அம்மா," என்றார் கடைசியில். "எங்கட பக்கத்தில, வடக்கில, ஆறுதலா எண்டா மெதுவா எண்டு அர்த்தம். அவசரமில்லாமல். பாட்டு முடியிற நேரம் எண்டபடியால், பிறகு லைனுக்கு வாங்கோ எண்டு சொன்னனான்."

"பொறகா?"

"ஓம். பிறகு."

"அப்போ, டெய்லி எட்டு மணிக்குச் சொல்றது?"

"அதுவும் அதுதான் அம்மா. பதகளிப்படாமல் இருங்கோ எண்டு."

கமலாட்சி லீக்ஸ் கட்டுகளைப் பார்த்தாள். எத்தனை விடியல் அந்த வார்த்தைக்காக ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் நின்றிருப்பாள். அவசரப்படாதே என்று அவர் ஊருக்கெல்லாம் சொன்னதை, அழாதே என்று தனக்குச் சொன்னதாகக் கேட்டிருக்கிறாள். அவரிடம் ஒரு பிழையும் இல்லை. அவர் கொடுக்காததை அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

மகள் பக்கம் திரும்பினாள். "ஒனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்மா. எங்க பாமசி மிஸ்ஸும் யாழ்ப்பாணம்தானே. மருந்து எடுக்க வாறவங்ககிட்ட ஆறுதலா வாங்கோன்னுதான் சொல்வாங்க."

"ஏன் சொல்லல?"

விதுஷா தரையில் கிடந்த கோவா இலையைச் செருப்பால் தள்ளினாள்.

"மகன்ட பேர் என்ன?" என்று இராஜசிங்கம் கேட்டார்.

லோஜனா குனிந்து அவர் காதில் சொன்னாள், கமலாட்சிக்கும் கேட்கத்தான் செய்தது. "அண்ணை, தனிப்பட்ட ஆக்களின்ட பேர் சொல்லக் கூடாது எண்டு மேல சொல்லியிருக்கினம்."

"இந்த மாசத்தோட நிகழ்ச்சியே காணும் எண்டும்தான் மேல சொல்லியிருக்கினம். இனி என்ன செய்யப்போகினம், பிள்ளை?"

நிகழ்ச்சி நிற்கப்போகிறது என்பது கமலாட்சிக்கு அந்தப் பேச்சில்தான் தெரிந்தது. அதற்குத் துக்கப்பட நேரமில்லை. பாட்டு முடிந்துகொண்டிருந்தது.

"கஜேந்திரன்," என்றாள். "இராமையா கஜேந்திரன். மாத்தளை."

விதுஷா அவள் முழங்கையைப் பிடித்தாள். "அம்மா, பேர் வேணாம். மாத்தளை மகன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

"பேர் சொல்லாட்டி எந்த மகன்னு அவனுக்கு எப்புடித் தெரியும்? மாத்தளையில அவன் ஒருத்தனா மகன்?"

விதுஷாவின் கை தளர்ந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவளுக்குப் பழகிய குரல் எழும்பி வந்தது.

"நேயர்களே, எனக்குப் பக்கத்தில இப்ப ஒரு அம்மா நிக்கிறா. மாத்தளையில இருந்து விடிய வெளிக்கிட்டு வந்திருக்கிறா. கையில ஒரு பொதி. வாசத்தில மிளகு எண்டு தெரியுது. ஆனால் அவ மிளகு விக்க வரேல்லை. தம்பி கஜேந்திரன், இராமையா கஜேந்திரன், நீங்கள் எங்க இருந்தாலும் கேளுங்கோ. அம்மா உங்களைப் பாக்காமல் நல்லா மெலிஞ்சு போனா. கோபதாபம் எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதான். அதை விட்டிட்டு ஒருக்கா வீட்ட வாங்கோ. ஆறுதலா வாங்கோ—"

நிறுத்தினார். நாக்கு பழகின வழியில் போய்விட்டது. அடுத்த வார்த்தை வரவில்லை. "அயின் வென்ன!" என்ற கூச்சல் மட்டும் ஒலிவாங்கிக்குள் போய்க்கொண்டிருந்தது. லோஜனா அவசரமாக விளம்பரத்தைப் போட்டாள். பல்லுத் தீட்டுகிற பற்பசை ஒன்று பாட ஆரம்பித்தது.

"வாய்ப் பழக்கம் அம்மா," என்றார். "அவசரமில்லை எண்டு சொல்லிப்போட்டன். விளம்பரம் முடியத் திருத்திச் சொல்லுறன்."

"வேணாம்ணே."

"இல்லை, அது பிழையெல்லோ."

"அவன் மாத்தளைப் பிள்ள. ஒங்க பேச்சு அவனுக்கு எங்க வெளங்கப் போவுது? நான் கேட்ட மாதிரிதான் அவனும் கேப்பான். ஆறுதலுக்கு வான்னுதான் நெனப்பான்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் பொதியை மேசையில் வைத்து, "சந்திரவதனா அக்காவுக்கு" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. கமலாட்சியின் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்திருந்தது. எந்நேரமும் போன் அடிக்கலாம் என்பதுபோல விதுஷாவின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இந்நேரம் கேட்டிருப்பான்."

விதுஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"வேலைக்குப் போற நேரந்தானே. கேட்டிருப்பான்."

நாவுல தாண்டியது. நாலந்தையும் தாண்டியது. பிறகு விதுஷா முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கம்பியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அண்ணன் கேட்டிருக்கமாட்டான்மா."

"ஏன்?"

"விடிய எழும்பினா அவன் பள்ளிவாசலுக்குப் போயிருவான். வந்து நேரா வேலைக்கு. ரேடியோ கேக்கிறதில்லன்னு சொன்னான்."

"யார்கிட்ட சொன்னான்?"

"பாமசிக்கு நாலஞ்சு தடவ போன் பண்ணினான். புத்தளத்துல இருக்கான், ஆஸியாவோட மாமா வீட்டுப் பக்கம். ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். சொன்னா இனிமே என்கிட்டயும் பேசமாட்டேன்னான். இப்ப கொஞ்ச மாசமா அந்த நம்பரும் வேல செய்யல."

கமலாட்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேர் வேணாம்னு ஏன் சொன்னேன்னா..." விதுஷா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "அவன் பேரு இப்ப முனாஸ்மா. நிக்காவுக்கு மாத்தினது. அங்க கஜேந்திரன்னு ஒரு ஆள யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டிருந்தாலும், யாரையோ தேடுறாங்கன்னுதான் நெனப்பாங்க."

யாரோ மணியை அடித்தார்கள். பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், மறுபடி கிளம்பியது. அவன் பள்ளிவாசலுக்குப் போவது கமலாட்சிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உக்குவளைப் பெண்ணோடு போனவன் எங்கே போவான் என்று அவளும் நினைக்காமல் இல்லை. பேர் போகும் என்றுதான் நினைக்கவில்லை. கருவேப்பிலை கிள்ளிவிட்டு வாசலில் நின்று கூப்பிடும்போது, தெருமுனையிலிருந்து திரும்பிப் பார்க்க வைக்கிற பேர் அது. முனாஸ் என்று மனதுக்குள் ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்கானா?"

"கடைசியா பேசினப்போ நல்லாத்தான் இருந்தான்."

"பேசினப்போ அம்மா எப்புடி இருக்கான்னு கேட்டானா?"

விதுஷா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தது கமலாட்சிக்குத் தெரிந்தது.

"விடு," என்றாள் கமலாட்சி. "சொல்லாத."

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. கடையில் இருக்க வேண்டிய நேரத்தில் இராமையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"கேட்டீங்களா?" என்றாள் கமலாட்சி.

"கடையில சத்தமா போட்டிருந்தானுங்க. தராசுல மிளகு கெடந்துச்சு. அள்ளவும் முடியல, விடவும் முடியல. ஒருத்தனும் ஒன்னும் பேசல. மொதலாளிகூட வேற பக்கம் பாத்துக்கிட்டாரு. என்னடா இராமையான்னு நாலு வார்த்த கேட்டிருந்தா தேவல."

"நான் ஒங்களுக்கு மானக்கேடு பண்ணணும்னு போகல."

"தெரியும்."

கமலாட்சி தண்ணீர் குடித்தாள். விதுஷா செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஒரு போன் வந்துச்சு," என்றார் இராமையா.

கமலாட்சி கோப்பையை வைத்தாள். "எப்ப?"

"ரேடியோவுல சொல்லிக் கொஞ்ச நேரத்துல. பொம்பளக் கொரலு. இது கஜேந்திரன்ட வூடான்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்படி யாரும் இங்க இல்லன்னேன்."

"அப்பா!" என்றாள் விதுஷா. "ரேடியோவுல ஒங்க நம்பர் சொல்லலியே. ஒங்க நம்பர் தெரிஞ்ச பொம்பள யாரு? ஆஸியாதானே?"

"கடையில எல்லாரும் நிக்கிறானுங்க. வாய் முந்திக்கிச்சு. வச்சிட்டேன்."

"நம்பர் போன்ல இருக்கும். குடுங்க."

"அழிச்சிட்டேன்."

விதுஷா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அழித்துத்தான் இருந்தது. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிச் செய்தி வாசிக்கத் தெரியாது. அழிக்க மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

கமலாட்சி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ள அழுதாளா?"

"தெரியல. பேசுறதுக்கு முந்தி கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்துச்சு. மூக்க உறிஞ்சினா." இராமையா தன் உள்ளங்கையைப் பார்த்தார். "தடிமன் புடிச்சிருக்கும்."

"இருக்கும்," என்றாள் கமலாட்சி.



அந்த மாதக் கடைசியோடு 'முதல் தேத்தண்ணி' நின்றது. அந்த நேரத்தில் இப்போது இரண்டு இளைஞர்கள் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். லோஜனா அதே இடத்தில் வேலை செய்கிறாள். இராஜசிங்கம் மனைவியோடு ஊருக்குப் போய்விட்டாராம். கமலாட்சி ரேடியோ இல்லாமல் இடியப்பம் அவிக்கிறாள். இராமையா கடைக்குப் போய்வருகிறார். தெரியாத இலக்கம் எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார், பெரும்பாலும் ஏதாவது விளம்பரமாக இருக்கும். விதுஷா ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு என்று சொல்லிவிட்டுப் புத்தளம் போனாள். முனாஸின் வீட்டைக் கேட்டு விசாரித்ததில் ஒரு பூட்டிய கதவைக் காட்டினார்கள். சில மாசங்களுக்கு முன்னால் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தெரியும், பிறகு பெண்சாதியும் அங்கிருந்து போய்விட்டாள் என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று யாருக்கும் தெரியவில்லை. அதை விதுஷா இன்னும் வீட்டில் சொல்லவில்லை. அன்று இராமையாவை அழைத்த பெண் மறுபடி அழைக்கவில்லை.